ரெண்டு கள்வர், நாலு நற்செய்தி

தவக்காலம் வந்தால் எங்கட வீட்டில சினிமாப் பாட்டு இல்லை. பின்னேரங்களில் அம்மம்மா வியாகுலப் பிரசங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு இழுத்து இழுத்து வாசிப்பா. 1705இல் கோவாவில இருந்து இலங்கைக்கு வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளார் எழுதினது. மன்னாரில அதைக் கேட்டு அழுகிற ஆக்கள் இன்னும் இருக்கினம். சின்ன வயசில நாங்களும் அழுதிருக்கிறம்.

கம்பஸ் போன பிறகுதான் நாங்கள் ரெண்டு பேரும் (ஒராள் அக்கா, ஒராள் தம்பி, ஒரே கலைப்பீடம்) நாலு நற்செய்தியையும் பக்கம் பக்கமாக வைத்து வாசித்தோம். தலை சுற்றியது. சிலுவையில் பக்கத்தில் தொங்கின கள்வர் இருவருமே இயேசுவைப் பழித்தார்கள் என்கிறார்கள் மத்தேயுவும் மாற்கும். லூக்காவிலோ ஒருவன்தான் பழிக்கிறான். மற்றவன் அவனைக் கடிந்து பேசி, பேரின்ப வீட்டுக்கு அன்றைக்கே வாக்குறுதி வாங்கிவிடுகிறான். யோவான் ரெண்டு பேரையும் வாயே திறக்க விடவில்லை. யூதாஸ் மத்தேயுவில் காசைத் திருப்பி எறிந்துவிட்டுத் தூக்குப் போடுகிறான். திருத்தூதர் பணிகளில் அதே காசில் நிலம் வாங்கி, தலைகீழாய் விழுந்து வயிறு வெடித்துச் சாகிறான். பெரிய வெள்ளியில் நாங்கள் தியானிக்கிற ஏழு வாக்கியங்களும் எந்த ஒரு நற்செய்தியிலும் சேர்ந்து இல்லை: லூக்காவில் மூன்று, யோவானில் மூன்று, மத்தேயு, மாற்கில் ஒன்று. இத்தனை வருசமும் யாரோ தைத்துத் தந்த சட்டையைத்தான் போட்டிருக்கிறம்.

இப்படித் தைக்கிற வேலை பழசு. இரண்டாம் நூற்றாண்டில் தாத்தியான் என்பவர் நாலையும் ஒரே கதையாகக் கோர்த்தார். தியாத்தெஸ்ஸரோன் என்று பெயர். சிரிய சபைகள் நெடுங்காலம் அதைத்தான் வாசித்தன. ஐந்தாம் நூற்றாண்டில் தெயோதொரேத் என்ற ஆயர் இருநூறுக்கு மேற்பட்ட பிரதிகளை அகற்றிவிட்டு, நாலு நற்செய்தியையும் தனித்தனியே திரும்ப வைத்தார். முரண்பாடு தெரியாமல் செய்த வேலை இல்லை அது. எங்களுக்கு அது பிடித்திருந்தது.

போன தவக்காலம் அம்மம்மாவிடமே கேட்டுவிட்டோம். "எந்தக் கள்வன் அம்மம்மா சரி?"

"முதல்ல ரெண்டு பேரும் ஏசியிருப்பாங்கள். பிறகு ஒருத்தன் மனம் மாறியிருப்பான்." பழைய உரைகாரர்கள் சொன்ன அதே பதில். சிரித்துவிட்டு யூதாசை எடுத்தோம். கயிறு அறுந்து விழுந்திருப்பான் என்றா. அதுவும் பழைய பதில்தான். அப்ப நிலத்தை வாங்கினது ஆர் என்று விடாமல் கேட்டோம்.

அம்மம்மா புத்தகத்தை மூடிவிட்டு அலுமாரியில் இருந்த ஃபைலை எடுத்துக்கொண்டு வந்தா. 1990இல் கொண்டுபோகப்பட்ட மாமாவின் ஃபைல். பார்த்த ஆக்கள் ரெண்டு பேர். விடிய, சாரத்தோட நடத்திக்கொண்டு போனாங்கள் என்றார் ஒருவர். மத்தியானம், ட்ரக்கில ஏற்றினாங்கள் என்றார் மற்றவர். ஒரு விசாரணையில் இதை வாசித்த அதிகாரி, சாட்சியம் முரண்படுகிறதே, இதில் எது உண்மை என்று கேட்டாராம்.

"ரெண்டு பேர் ரெண்டு விதமாச் சொன்னா, என்ர பிள்ளையே இல்லை எண்டு ஆகுமோ?"

எங்களிடம் பதில் இருந்தது. லூக்கா கண்ணால் கண்டவர் இல்லை, கேட்டு விசாரித்து எழுதுகிறேன் என்று அவரே தொடக்கத்தில் சொல்கிறார். யோவானில் சிலுவைச் சாவு பாஸ்கா ஆடுகளை அறுக்கிற நாளில் விழுகிறது. மற்ற மூவரிடமும் பாஸ்கா உணவு முடிந்த மறுநாள். அது ஞாபகப் பிசகு மாதிரித் தெரியவில்லை, ஒரு கருத்தை வைத்து அடுக்கின மாதிரித்தான் தெரிகிறது. மாமாவின் ஃபைலும் நற்செய்தியும் ஒன்றில்லை. இப்பவும் அப்படித்தான் நினைக்கிறம். அன்றைக்கு வாய் வரவில்லை.

ஃபைலில் இருந்த தாள்கள் மடிப்பில் கிழியத் தொடங்கியிருந்தன. புதிதாக எழுதித் தரச் சொன்னா. எழுத்தை ஒராள் வாசிக்க மற்றாள் எழுதினோம். ரெண்டையும் ஒரே கடிதமாக்கினால் அடுத்த முறை ஒருத்தரும் கேள்வி கேட்கமாட்டார்கள் என்று எங்களில் ஒராள் சொல்லிப் பார்த்தார். அம்மம்மா தலையாட்டவில்லை. விடிய, சாரம், ஒரு தாள். மத்தியானம், ட்ரக், இன்னொரு தாள்.