வீட்டில் கட்டும் முகாம் டிரெய்லரும் ஜீப் சொல்லித்தரும் பாடங்களும்

ஆஸ்திரேலியாவில் ஏதோ ஒரு ஊர். வீட்டின் பின்புறம் ஒரு தகரக் கொட்டகை. சனிக்கிழமை காலை. உள்ளே ஒருவர் கையில் அளவு நாடாவுடன் தன்னுடைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் அடியில் மல்லாந்து படுத்திருக்கிறார். வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. இந்த வண்டி எப்படி செய்யப்பட்டிருக்கிறது என்று பார்க்கிறார். அவ்வளவுதான்.

அவர் ஒரு டிரெய்லர் கட்டப் போகிறார். வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் ஒரு சின்னப் பெட்டி. மேலே விரிக்கும் கூடாரம், உள்ளே அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, படுக்கை. கடையில் வாங்கலாம், ஆனால் விலை கையைக் கடிக்கிறது. அடுத்த விடுமுறைக்கு மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு கிம்பர்லி பக்கம் போகவேண்டும் என்பது ஆசை. அங்கே கிப் ரிவர் ரோடு என்று ஒரு பாதை இருக்கிறது. சுமார் 660 கிலோமீட்டர், பெரும்பகுதி சரளை மண். நடுவில் அச்சு முறிந்தால் ஓடிப்போய் வாங்கிவர பக்கத்துத் தெருவில் கடை கிடையாது.

இவரைப் போன்றவர்கள் ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் நிறைய உண்டு. எல்லோரும் செய்யும் முதல் வேலை இதுதான்: ஜீப், லேண்ட் ரோவர், யூனிமாக், ராணுவ வண்டி என்று கரடுமுரடான பாதைக்காகப் பிறந்த வண்டிகளைப் பார்த்து யோசனை கடன் வாங்குவது. நல்ல வழிதான். ஆனால் எதைக் கடன் வாங்குவது, எதை விட்டுவிடுவது? அங்கேதான் விஷயமே இருக்கிறது.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1940ல் அமெரிக்க ராணுவம் கேட்ட சிறு வண்டிக்கு முதல் மாதிரியைக் கட்டிக் கொடுத்தது பென்சில்வேனியாவில் பட்லர் என்ற ஊரில் இருந்த அமெரிக்கன் பாண்டம் என்ற சின்னக் கம்பெனி. ஆனால் பெரிய ஆர்டர்கள் எல்லாம் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போய்விட்டன. பாண்டம் கட்டிய ஜீப்புகள் சுமார் 2,700 மட்டுமே. ஜீப்பைப் பெற்ற கம்பெனிக்குப் போர்க்காலத்தில் கிடைத்த வேலை என்ன தெரியுமா? அந்த ஜீப்புக்குப் பின்னால் இழுக்கும் கால் டன் டிரெய்லர் செய்வது! பரிதாபமாகத் தோன்றும். ஆனால் அந்த டிரெய்லர் அருமையான ஒன்று. ஜீப்பில் இருந்த அதே சக்கரம், அதே டயர். தண்ணீரில் இறக்கினால் மிதக்கும். இணைப்பில் ஒரு வளையமும் அதைப் பிடிக்கும் கொக்கியும் இருந்ததால் ஜீப் ஒரு பக்கம் சாய்ந்தாலும் டிரெய்லர் தன் போக்கில் மறுபக்கம் சாயலாம். பின்னாளில் வந்த எம்416 என்ற ராணுவ டிரெய்லரும் இதே வழிதான். ராணுவம் கழித்து விற்ற அந்தப் பெட்டிகளை வாங்கி முகாம் டிரெய்லராக மாற்றிக்கொண்டவர்கள் அமெரிக்காவில் ஏராளம்.

இதிலிருந்து கடன் வாங்க வேண்டிய முதல் யோசனை சக்கரம். டிரெய்லரின் சக்கரமும் இழுக்கும் வண்டியின் சக்கரமும் ஒன்றாக இருந்தால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் உதவும். இரண்டு ஸ்டெப்னி வைத்திருந்தால் எந்தப் பக்கம் பஞ்சர் ஆனாலும் இரண்டு முறை தப்பிக்கலாம். இதற்கு ஹப்பில் போல்ட் அமைப்பு ஒத்துப்போக வேண்டும். பெரிய லேண்ட் குரூசர்கள் பலவற்றில் ஆறு போல்ட், 139.7 மில்லிமீட்டர் வட்டம். 2007 முதல் வந்த ஜீப் ராங்ளரில் ஐந்து போல்ட், 127 மில்லிமீட்டர். ஆக்ஸில் வாங்கும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே உள்ள அகலமும் ஒன்றாக இருப்பது நல்லது. அப்போது முன்வண்டி மணலில் அழுத்திப் போட்ட தடத்திலேயே டிரெய்லரும் வரும். புதிய தடம் வெட்டிக்கொண்டு வந்தால் இழுப்பதே பெரும்பாடு.

இரண்டாவது யோசனை லேண்ட் ரோவரிடம் இருந்து. 1948ல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அது அறிமுகமானபோது பிரிட்டனில் எஃகுக்குக் கடும் தட்டுப்பாடு. அதனால் உடம்பை அலுமினியக் கலவைத் தகட்டில் செய்தார்கள். சேஸிஸை அச்சில் அழுத்திச் செய்ய விலை உயர்ந்த கருவிகள் வேண்டும். அதற்குப் பதிலாகத் தட்டையான எஃகுப் பட்டைகளை வெட்டி நான்கு பக்கமும் வெல்டிங் செய்து பெட்டிக் குழாய் ஆக்கினார்கள். கொட்டகையில் படுத்திருக்கும் மனிதருக்கு இதைவிட ஆறுதலான செய்தி வேறென்ன வேண்டும்? உலகம் சுற்றிய வண்டியின் முதுகெலும்பே பட்டறையில் ஒட்டவைத்ததுதான்!

ஆனால் லேண்ட் ரோவரின் வெற்றியைப் போலவே அதன் நோயும் ஒரு பாடம். அலுமினியமும் எஃகும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டால் அலுமினியம் அரித்துப்போகும். மூடிய பெட்டிக் குழாய்க்குள் சேறும் தண்ணீரும் தங்கினால் துரு உள்ளிருந்து தின்னும், வெளியே பெயின்ட் பளபளவென்றே இருக்கும். ஆகவே இரண்டு உலோகங்களுக்கும் நடுவில் ரப்பரோ பிளாஸ்டிக் வாஷரோ வைக்க வேண்டும். குழாயின் தாழ்ந்த இடங்களில் தண்ணீர் வடிய ஓட்டை போட வேண்டும். முன்னே நீளும் இழுவைக் கம்பி முதல் குறுக்குச் சட்டத்தோடு நின்றுவிடாமல், ஸ்பிரிங்கைத் தாங்கும் இடம்வரை அடியில் பின்னோக்கி ஓட வேண்டும். இல்லாவிட்டால் வளையும் வேகம் முழுவதும் அந்த ஒரு மூலையில் வந்து விழும். வெல்டிங் விரிசல் விடுவது பெரும்பாலும் அங்கேதான்.

இனி எதைக் கடன் வாங்கக் கூடாது என்று பார்க்கலாம்.

உயரம்! ஆஃப் ரோடு வண்டி என்றாலே உயரமாக நிற்க வேண்டும் என்று ஒரு மோகம். ஜீப்பில் செய்வதைப் போல அச்சுக்குக் கீழே இருந்த ஸ்பிரிங்கை அச்சுக்கு மேலே மாற்றினால் டிரெய்லரும் கம்பீரமாக எழுந்து நிற்கும். ஆனால் அதன் பாரமும் சேர்ந்து மேலே ஏறிவிடும். பக்கச் சரிவில் முதலில் கவிழ்வது அதுதான். யூனிமாக்கில் அச்சு சக்கரத்தின் நடுவைவிட மேலே இருக்கும், நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் பாறையில் இடிக்காமல் இருப்பதற்காக. டிரெய்லரில் டிஃபரன்ஷியலே இல்லையே! இருப்பது ஒரு மெல்லிய கம்பி. அதுவும் வேண்டாம் என்றால் சக்கரத்துக்கு ஒரு தனிக் கை வைத்து நடுவைக் காலியாக விடலாம். முன்வண்டி எவ்வளவு உயரமோ அவ்வளவு போதும். அந்த வண்டி போகாத இடத்துக்கு டிரெய்லர் எப்படியும் போகப் போவதில்லை.

அதேபோல் ஸ்பிரிங். காயலான் கடையில் பழைய ஃபோர் வீல் டிரைவின் பின் ஸ்பிரிங் மலிவாகக் கிடைக்கும். அதைக் கொண்டுவந்து மாட்டினால் பலமாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் ஒரு டன் தாங்கப் பிறந்த ஸ்பிரிங் 500 கிலோ பெட்டியின் கீழ் வளையவே வளையாது. ஒவ்வொரு குழியிலும் விழும் அடி நேராகச் சட்டத்துக்கும் உள்ளே இருக்கும் முட்டைக்கும் போகும். தகடுகளைக் குறைத்து எடைக்குத் தகுந்ததாக ஆக்கினால்தான் அது ஸ்பிரிங், இல்லாவிட்டால் வெறும் இரும்பு. இதோடு, சாதாரண டிரெய்லர்கள் பலவற்றில் இல்லாத ஷாக் அப்சார்பரை வண்டியிடமிருந்து தாராளமாகக் கடன் வாங்கலாம். சரளைப் பாதையில் அலை அலையாக வரிப்பள்ளம் விழுந்திருக்கும். அதன் மேல் மணிக்கணக்கில் குதிக்கும் சக்கரத்தை அடக்க ஒரு ஆள் வேண்டும் அல்லவா?

இங்கே ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. வண்டியில் மனிதர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். குலுங்கினால் ஓட்டுபவர் வேகத்தைக் குறைப்பார். டிரெய்லரில் யாரும் இல்லை. அது வலித்தாலும் சொல்லாது. மணலில் இறங்கும் முன் டயரில் காற்றைக் குறைக்கும் வழக்கத்தை 1920களிலேயே எகிப்து, லிபியப் பாலைவனங்களில் கையாண்டவர் ரால்ஃப் பாக்னால்டு என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர். இன்று எல்லோரும் முன்வண்டியின் டயரில் காற்றைக் குறைக்கிறார்கள், டிரெய்லரை மறந்துவிடுகிறார்கள். முன்வண்டியின் ஒரு சக்கரம் 600 கிலோ தாங்கும்போது டிரெய்லரின் சக்கரம் 300 கிலோதான் தாங்குகிறது என்று வையுங்கள். அதே டயர், அதே காற்று என்றால் அது பந்து போலத்தான் துள்ளும். பாதிப் பாரத்துக்குக் காற்றும் குறைவாகத்தான் வேண்டும். தார்ச் சாலைக்குத் திரும்பியதும் மறுபடி நிரப்பிக்கொள்ள வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பாரம். நம் ஊர் மாட்டு வண்டிக்காரருக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து நோகும், பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கும். டிரெய்லரிலும் அதே கணக்குதான். மொத்த எடையில் சுமார் பத்தில் ஒரு பங்கு முன்னே இணைப்பின் மேல் இருக்க வேண்டும். பின்பாரம் ஆனால் நெடுஞ்சாலை வேகத்தில் டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும். ஆட்டம் முற்றினால் முன்வண்டியையும் இழுத்துக்கொண்டு போய்க் கவிழ்க்கும்.

ஒரு சின்னக் கணக்கு. டிரெய்லர் மொத்தம் 600 கிலோ, முன்பாரம் 60 கிலோ. சரியாக இருக்கிறது. இதில் 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, அதாவது 80 கிலோ, அச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால் வைக்கப்பட்டிருக்கிறது. அச்சிலிருந்து இணைப்பு இரண்டரை மீட்டர். அப்படியானால் அந்தத் தண்ணீர் மட்டும் முன்பாரத்தில் 32 கிலோ. முகாம் முடிந்து தொட்டி காலியாகத் திரும்பும்போது மிச்சம் 28 கிலோ, மொத்த எடை 520. பத்தில் ஒரு பங்கு இருந்தது இருபதில் ஒரு பங்காகிவிட்டது! போகும்போது ஆடாத டிரெய்லர் வரும்போது ஆடுவது இதனால்தான். தொட்டியை அச்சுக்கு நேர் மேலே வைத்திருந்தால் இந்த வம்பே இல்லை. முன்பாரத்தை அளக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், குளியலறையில் இருக்கும் எடை மிஷின் போதும். மயிலிறகே ஆனாலும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்று வள்ளுவர் சொன்னது இவர்களுக்கும் சேர்த்துத்தான்.

எடையில் சட்டமும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் டிரெய்லரின் சக்கரங்கள் தாங்கும் பாரம் 750 கிலோவைத் தாண்டினால் டிரெய்லருக்கென்று தனி பிரேக் வேண்டும். இன்னும் ஒரு பெட்டி, இன்னும் ஒரு பாட்டரி என்று சேர்த்துக்கொண்டே போனால் அந்த எல்லை எப்போது தாண்டியது என்றே தெரியாது.

சின்னச் சின்ன யோசனைகளும் உண்டு. புழுதியில் போகும்போது அனுபவசாலிகள் ஜன்னலை மூடி, வெளிக்காற்றை உள்ளே தள்ளும் விசிறியை ஓடவிடுவார்கள். உள்ளே காற்றழுத்தம் கூடினால் புழுதி நுழையாது. அதே தத்துவத்தில் டிரெய்லரின் முன்பக்கம் வடிகட்டி வைத்த ஒரு சிறு காற்றுத் திறப்பு போதும், அரிசியில் மண் சேராது. ஓடையில் இறங்கும் முன் சற்று நின்று ஹப்பை ஆறவிட வேண்டும். சூடான ஹப் குளிர்ந்த நீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சும், பேரிங் கிரீஸ் கெட்டுவிடும். முன்வண்டியின் டயர் எறியும் கல் டிரெய்லரின் முகப்பில் மோதித் திரும்பி வந்து அதே வண்டியின் பின் கண்ணாடியை உடைக்கும். இழுவைக் கம்பியின் மேல் சாய்வாக ஒரு வலைத் தடுப்பு கட்டினால் அந்தச் செலவு மிச்சம். இன்னொன்று, வண்டி சேற்றில் மாட்டிக்கொண்டால் டிரெய்லர் இணைக்கும் உருண்டையில் கயிறு மாட்டி இழுக்கவே கூடாது. அது உடைந்து குண்டு போலப் பறந்து உயிரை எடுத்த சம்பவங்கள் ஆஸ்திரேலியாவில் நடந்திருக்கின்றன.

மாலை ஆகிறது. கொட்டகை மனிதர் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து முதுகைத் தட்டிக்கொள்கிறார். காலையில் அவர் தாளில் வரைந்திருந்த டிரெய்லர் உயரமாக, முரட்டு டயரோடு, பார்ப்பவர் வாயைப் பிளக்கும்படி இருந்தது. இப்போது அதை அழித்துவிட்டுச் சற்றுத் தாழ்வாக, எளிதாக, எடை குறைவாக ஒன்றை வரைகிறார். தண்ணீர்த் தொட்டி அச்சின் மேல் வந்துவிட்டது. ஸ்பிரிங்கில் இரண்டு தகடு குறைந்துவிட்டது.

கட்டி முடித்ததும் நேராகக் கிம்பர்லிக்குக் கிளம்பிவிடக் கூடாது. முதல் பயணம் பக்கத்துச் சரளைப் பாதையில் ஐம்பது கிலோமீட்டர் போதும். நிறுத்தி இறங்கி ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்க்க வேண்டும், ஒவ்வொரு வெல்டிங்கிலும் விளக்கடித்துப் பார்க்க வேண்டும். பின்னால் வரும் பெட்டி பேசாது. எதிரே வரும் வண்டியிலும் ஒரு குடும்பம் இருக்கும். கையால் செய்தோம் என்ற பெருமை, இரண்டு குடும்பங்களும் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கும்போதுதான் முழுமையாகும்.