மலை சுற்றும் பாதையில் ஒரு மூலிகைப் பாடம்

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். கிழக்கே ராஜகோபுரத்தில் தொடங்கி மலையை வலமாகச் சுற்றினால், பாதி தூரம் கடந்த பிறகு வருகிறது அடி அண்ணாமலை. ஆதி அருணாசலேஸ்வரர் கோயிலும் மாணிக்கவாசகர் கோயிலும் இங்கே இருக்கின்றன. அவர் திருவெம்பாவை பாடியது இந்த இடத்தில்தான் என்பது ஊர் வழக்கு. பௌர்ணமிக் கூட்டம் வடிந்துவிட்டால், நெல்லையும் மணிலாவையும் நம்பியிருக்கும் மாவட்டத்தில் இதுவும் ஒரு கிராமம்.

சுற்றி வருபவர்களில் பலர் மனபாரத்தோடு வருகிறார்கள். கடன், பொய்த்த மழை, பிள்ளைக்கு வராத வேலை, மாதக்கணக்கில் வராத தூக்கம். ‘வல்லாரை சாப்பிடு, அமுக்கரா சாப்பிடு’ என்ற யோசனையும் அவர்கள் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது. அதில் எது உண்மை?

வல்லாரை ஈரமான வரப்பில் தானே படரும். துவையலாக, கூட்டாகச் சாப்பிடுவது நல்ல உணவு. ஆனால், மனச்சோர்வை அது குணமாக்கும் என்று சொல்லப் போதிய ஆதாரம் இல்லை.

அமுக்கரா எனும் அஸ்வகந்தாவின் கதை வேறு. மன அழுத்தம் குறைவதற்கும் தூக்கம் வருவதற்கும் ஓரளவு உதவுவதாகச் சில சிறிய ஆய்வுகள் காட்டுகின்றன. அதே கிழங்கால் அபூர்வமாகச் சிலருக்குக் கல்லீரல் பாதித்திருக்கிறது. கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். தைராய்டு மாத்திரையோ தூக்க மாத்திரையோ எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது.

மூலிகைக்கு வலு உண்டு என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. 1931-ல் கல்கத்தா மருத்துவர்கள் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் இருவரும், சர்ப்பகந்தா வேர் மனநோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் பயன்படுவதாக எழுதினார்கள். 1952-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவன விஞ்ஞானிகள் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் அமெரிக்க மனநல மருத்துவமனைகளில் அது புழக்கத்துக்கு வந்தது. ஆனால், ரத்தக் கொதிப்புக்காக அதைச் சாப்பிட்ட சிலருக்கு மனச்சோர்வு வந்ததை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஒரே வேர், ஒரு நோயைத் தணித்து இன்னொன்றைத் தூண்டவும் கூடும். பச்சிலைதானே, என்ன செய்துவிடும் என்ற எண்ணத்துக்கு இதுவே பதில்.

உண்மையான ஆபத்து மூலிகையைச் சாப்பிடுவதைவிட, அதை நம்பி மாத்திரையை நிறுத்துவதில் இருக்கிறது. மனநல மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் நோய் திரும்பி வரும். சில சமயம் முன்பைவிடக் கடுமையாக வரும். மூலிகை துணையாக வரலாம், மாத்திரையின் இடத்துக்கு வரக் கூடாது. சித்த மருத்துவரிடம் போனால், சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துச் செல்லுங்கள். மனநல மருத்துவரிடம், சாப்பிடும் சூரணத்தையும் மறைக்காமல் சொல்லுங்கள். பெயர் தெரியாத பொடியை வழியில் வாங்க வேண்டாம். மலைக்காட்டில் செடி பிடுங்கவும் வேண்டாம்.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமும் பசியும் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல் ஒருவர் இருந்தால், அது சோம்பலும் இல்லை, செய்வினையும் இல்லை, மனச்சோர்வாக இருக்கலாம். அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவும் பகலும் தமிழில் இலவசமாகப் பேசலாம். ‘செத்துப்போகலாம்’ என்று வீட்டில் யாராவது சொன்னால், விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அவரைத் தனியே விடாதீர்கள். பூச்சிமருந்து டப்பாவை அன்றே வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள், அல்லது பூட்டிச் சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். அந்த ஒரு வேலை உயிரைக் காக்கும்.

நடை நல்லது. தினமும் நடந்தால் லேசான மனச்சோர்வு குறையும் என்பதற்கு ஆதாரம் வலுவாகவே இருக்கிறது. அடி அண்ணாமலையைக் கடக்கும்போது மலை வலக்கைப் பக்கம் கூடவே வருகிறது. மனபாரம் உள்ளவருக்கும் அப்படி ஒருவர் கூட நடந்தால் போதும். மருத்துவமனை வாசல் வரை.