உட்கார ஒரு ஸ்டூல்

தி.நகரில் பெரிய துணிக்கடை ஒன்று. முப்பது புடவைகளை விரிக்கச் சொல்லிவிட்டு, எதுவும் பிடிக்கவில்லை என்று எழுந்தேன். விரித்துக் காட்டிய பெண் காலையிலிருந்து நின்றுகொண்டிருந்தாள். புடவைகளை மடித்தபடியே ஒரு காலின் பாரத்தை மறுகாலுக்கு மாற்றினாள். பக்கத்திலிருந்த ஸ்டூலில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன.

“நான் போனதும் கொஞ்சம் உட்காரும்மா” என்றேன்.

“நீங்க போனா அடுத்தவங்க வருவாங்கக்கா” என்று சிரித்தாள்.

கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவின் விற்பனைப் பெண்கள் ‘பெண்கூட்டு’ அமைப்பாகத் திரண்டு கேட்ட உரிமை, 2018இல் கேரளத்தில் சட்டமானது. 2021இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தியது: இருக்கை தர வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கையில் உட்காரலாம். அந்த வாய்ப்பை யார் தருவது? மேற்பார்வையாளர் என்னைக் கைகாட்டுவார். வாடிக்கையாளர் முன்னால் உட்கார்ந்தால் மரியாதைக் குறைவாம்.

என் சிறுவயதில், எங்கள் ஊர் ஜவுளிக்கடையில் விற்பவர்களும் மெத்தையில் உட்கார்ந்துதான் துணி காட்டுவார்கள். எதிரே அம்மா உட்கார்ந்திருப்பாள். யாருக்கும் மரியாதை குறைந்ததில்லை. அந்தக் கடையை மூடிவிட்டார்கள். தள்ளுபடி தேடி இங்கே வந்தவர்கள் நாங்கள்தான்.

அன்று அந்த அட்டைப்பெட்டிகளை இறக்கிவைக்க எனக்கும் தோன்றவில்லை.