ஷிராஸில் யல்தா இரவு

பிரியமுள்ள தோழிக்கு,

ஷிராஸிலிருந்து எழுதுகிறேன். நேற்று ராத்திரி இங்கே யல்தா கொண்டாடினார்கள். ஈரானியரின் ஆசர் மாதத்துக் கடைசி இரவு இது. டிசம்பர் 20 அல்லது 21இல் வரும். வருஷத்திலேயே நீளமான இந்த இரவு, இந்த ஊரில் 14 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. விடிந்தால் தெய் மாதம் பிறக்கிறது. நம் பஞ்சாங்கம் உத்தராயணத்தைத் தை முதல் தேதியில் வைத்திருக்கிறது. இவர்களோ சூரியன் திரும்பும் சமயத்திலேயே மாதத்தைத் தொடங்கிவிடுகிறார்கள்.

சாயங்காலம் கடைவீதியில் நடக்கவே இடமில்லை. இந்தக் குளிரில் ஆளுக்கொரு தர்பூசணியைச் சுமந்துகொண்டு போகிறார்கள்! யல்தா அன்று அதைத் தின்றால் அடுத்த கோடையின் வெப்பம் உடம்பை வாட்டாது என்பது நம்பிக்கை.

இந்த இரவுக்குக் குடும்பம் முழுவதும் மூத்தவர் வீட்டில் கூட வேண்டும். நான் போன வீட்டில் அந்த மூத்தவர் ஒரு பாட்டி. கூடத்து நடுவில் குர்சி போட்டிருந்தார்கள். குட்டையான மேஜை, அதன்மேல் நான்கு பக்கமும் தரையில் புரளும் பெரிய மெத்தைப் போர்வை. அந்தக் காலத்தில் மேஜைக்கு அடியில் கரி நெருப்பு இருக்குமாம். இப்போது மின்சார ஹீட்டர். எல்லாரும் சுற்றி உட்கார்ந்து காலைப் போர்வைக்குள் நீட்டிக்கொள்கிறோம். பெரியவர், சிறியவர் எல்லார் காலுக்கும் ஒரே கணப்பு.

மாதுளை உரிப்பது பாட்டியின் வேலை. பழத்தைக் குறுக்கே வெட்டி, வெட்டுப்பக்கத்தை உள்ளங்கையில் கவிழ்த்து, மரக்கரண்டியால் முதுகில் தட்டினார். முத்துகள் விரலிடுக்கு வழியே கிண்ணத்தில் பொலபொலவென்று உதிர்ந்தன. ஒன்றுகூட நசுங்கவில்லை. மேலே உப்பும், கோல்பர் என்ற மலைச்செடியின் விதைப்பொடியும் தூவிக் கொடுத்தார். லேசான கசப்பு, மூக்கைத் துளைக்கிற வாசனை. இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

பண்டிகை எப்படி வந்தது என்று கேட்டால், மித்ரன் என்ற ஒளித்தெய்வம் பிறந்த இரவு என்று பலர் சொல்கிறார்கள். யல்தா என்ற பெயர் சிரியாக் மொழி பேசிய கிறிஸ்தவர்களிடமிருந்து வந்தது. இதற்குச் செல்லே இரவு என்றும் பெயர் உண்டு. இன்று தொடங்கும் 40 நாள் கடுங்குளிர்தான் செல்லே. என் மனத்தில் நின்றது, ஏறக்குறைய ஆயிரம் வருஷத்துக்கு முன்பு அல்-பிரூனி என்ற அறிஞர் எழுதிவைத்த செய்தி. தெய் முதல் நாளில் பாரசீக அரசர் சிம்மாசனத்தை விட்டு இறங்கி, வெள்ளை உடுத்தி, குடியானவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவாராம். உலகம் உங்கள் உழவால் நிற்கிறது, நானும் உங்களில் ஒருவன் என்பாராம். நெருப்பை வணங்கிய தேசம் இஸ்லாத்துக்கு மாறியது, ராஜவம்சங்கள் வந்து போயின. இந்த இரவு மட்டும் விட்டுப்போகவில்லை. கோயிலும் பூசாரியும் இதற்குத் தேவைப்படவில்லை, வீட்டில் ஒரு பாட்டி இருந்தால் போதும் என்பதுதான் காரணம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். 2022இல் ஈரானும் ஆப்கானிஸ்தானும் சேர்ந்து இதை யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெறச் செய்தன.

யல்தா அன்று, நிச்சயமான பெண் இருக்கும் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் பழமும் துணிமணியும் தட்டுத் தட்டாக அனுப்புவார்கள். பக்கத்து வீட்டுக்கு நேற்று அப்படி வந்தது.

சாப்பாடு முடிந்ததும் ஹாபிஸ் கவிதைப் புத்தகத்தை எடுத்தார்கள். 14ஆம் நூற்றாண்டுக் கவி, இந்த ஊர்க்காரர். மனத்தில் ஒன்றை நினைத்துக்கொள்ள வேண்டும். பாட்டி கண்ணை மூடிப் புத்தகத்தைப் பிரித்து, வந்த பக்கத்தை வாசிப்பார்; அதுதான் பலன். கல்லூரிப் பேத்தி பரீட்சையை நினைத்துக்கொண்டாளாம். வந்ததோ பிரிவைப் பாடும் கவிதை. அதற்கு அர்த்தம் சொல்வதில் மாமனுக்கும் சித்திக்கும் பெரிய வாக்குவாதம். கடைசியில் பாட்டி சொன்னதுதான் தீர்ப்பு.

யல்தாவுக்கு அரசு விடுமுறை கிடையாது. இரவெல்லாம் விழித்திருந்தவர்கள் காலையில் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் மத்தியானம் ஹாபிஸ் சமாதிக்குப் போகிறேன். இப்போதுள்ள எட்டுத் தூண் மண்டபம் 1935இல் ஆந்த்ரே கொதார் என்ற பிரெஞ்சுக்காரர் வடிவமைத்தது. அதைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உன் தோழி