ஒரு வாத்தியார், பல வாத்தியார்

டெக்சாஸில் காசு கட்டித் துவக்குப் பழகினோம் எண்டு சொன்னால் ஊரில் நம்பமாட்டினம். எங்களுக்குத் துவக்கு எண்டால் சென்றியில நிண்ட ஆமிக்காரன்ர தோளில தொங்கினதுதான். இங்கே 2021 செப்ரெம்பரில் இருந்து, 21 வயது தாண்டிய பெரும்பாலானோர் அனுமதிப்பத்திரம் இல்லாமலே பிஸ்டல் கொண்டு திரியலாம். பயிற்சி கட்டாயமில்லை. வீட்டில் ஒண்டு வைச்சிருப்பமோ எண்ட கதை எழும்பியதால்தான் நாங்கள் பழகப் போனோம்.

முதலில் வழமையான வார இறுதி வகுப்பு. இரண்டு நாள், ஒரே ஆசிரியர். 1976இல் அரிசோனாவில் கன்சைட் பள்ளியைத் தொடங்கிய ஜெஃப் கூப்பரின் நான்கு பாதுகாப்பு விதிகள்தான் காலைப் பாடம். எந்தத் துவக்கிலும் சன்னம் இருக்கு எண்டே நினை, சுடத் தயாராகும்வரை விசையில் விரல் வைக்காதே, இப்படி. பிறகு எங்களுக்குத் தெரியாமல் மகசீனுக்குள் வெற்றுச் சன்னங்களைக் கலந்தார். வெடிக்காத இடத்தில் குழல் வாய் கீழே குத்தினால், சத்தத்துக்கு முதலே உடம்பு பயப்படுது எண்டு அர்த்தம். எங்களில் ஒருத்திக்கு ஒவ்வொரு முறையும் குத்தியது. ஷெல் சத்தத்தில் வளர்ந்த உடம்பல்லோ. சனி மத்தியானமே ஆசிரியர் அதைக் கண்டார். ஞாயிறு முழுக்க அவளுக்குப் பக்கத்திலேயே நிண்டார். பின்னேரம் குத்து பாதியாகக் குறைந்தது.

அடுத்தது, பல பயிற்சியாளர்கள் சேர்ந்து நடத்தும் மூன்று நாள் மாநாடு. இந்த வகையில் டொம் கிவன்ஸின் ரேஞ்ச்மாஸ்டர் மாநாடு பேர்போனது. நாங்கள் போனது அதைவிடச் சின்னது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு ஆள். ஒருவர் இப்படிப் பிடி எண்டார், அடுத்தவர் அப்படிப் பிடியாதே எண்டார். எங்கட பெயரைப் பாடமாக்க முதலே நேரம் முடிஞ்சிடும். கையைத் திருத்த அது இடமில்லை. சுடப் பழகாத ஆக்கள் முதலில் அங்கே போறது வீண்செலவு எண்டுதான் சொல்லுவோம்.

ஆனால் கதிரையில் இருந்து கேட்ட பாடங்கள் வேறமாதிரி. சுட்ட பிறகு பொலிசும் நீதிமன்றமும் என்ன செய்யும் எண்டு ஒரு சட்டத்தரணி விளங்கப்படுத்தினார். வாய்த்தர்க்கத்தில் இருந்து விலகி நடக்கிறது எப்படி எண்டு இன்னொருவர். இரத்தம் ஓடும் காலைப் பட்டியால் இறுக்கிக் கட்டுவது எப்படி எண்டு மூன்றாமவர். எங்கட வார இறுதி வகுப்பில் இவை எல்லாத்துக்கும் சேர்த்து அரை மணித்தியாலம்கூடக் கிடைக்கேல்லை.

அந்தப் பிள்ளை மூன்று நாளும் துவக்கைத் தொடவேயில்லை, ஒவ்வொரு வகுப்பிலும் முன் கதிரையில்தான். வீட்டுக்கு ஒண்டு வாங்கிறதோ இல்லையோ எண்டு நாங்கள் இன்னும் வாய்ச்சண்டை. அவள் இரத்தம் நிறுத்தும் பட்டி இரண்டு வாங்கிக் காருக்குள் வைச்சிருக்கிறாள்.