பகடையில் 3 விழுந்த பிறகும் ஆட்டம் நிற்கவில்லை: குழந்தைகளோடு ஒரு சூப்பர்ஹீரோ கதை விளையாட்டு

கேரம், தாயம், பரமபதம், லூடோ... லீவு நாட்களில் நம் வீடுகளில் பரணிலிருந்து இறங்கும் ஆட்டங்களுக்கெல்லாம் ஒரு பொதுக்குணம் உண்டு. ஒருவர் ஜெயிக்க வேண்டும், மற்றவர்கள் தோற்க வேண்டும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது ஒரு பிரச்னையே இல்லை. சில வீடுகளில் மட்டும் ஆட்டம் முடியும்போது காய்கள் பறக்கும்.

மதுரையில் உள்ள அந்த வீடும் அப்படித்தான். அக்காவுக்கு 12 வயது, தம்பிக்கு 9. தம்பிக்குத் தோற்கப் பிடிக்காது என்பதைவிட, தோற்கத் தெரியாது என்று சொல்வதே சரி. லூடோவில் வீட்டுக்குப் போகவிருந்த அவன் கடைசிக் காயை அக்கா வெட்டிவிட, போர்டையே இரண்டாகக் கிழித்துவிட்டான். "இனிமே இவன்கூட எதுவும் விளையாட மாட்டேன்" என்று அக்கா சொல்லிவிட்டாள். கோடை விடுமுறையில் இன்னும் ஒரு மாதம் பாக்கி. ஆளுக்கொரு மூலை, ஆளுக்கொரு மொபைல் என்று வீடு பிரிந்துகிடந்தது.

பெங்களூரில் வேலை பார்க்கும் சித்தி லீவுக்கு வந்தது அப்போதுதான். சனிக்கிழமைகளில் நண்பர்களோடு உட்கார்ந்து ரோல்பிளே விளையாடும் பழக்கம் உள்ளவர் அவர். இரண்டு லூடோ பகடை, நாலு பென்சில், பழைய கணக்கு நோட்டில் மிச்சமிருந்த தாள்கள். இவ்வளவுதான் அவர் கேட்டது.

போர்டும் கிடையாது, காயும் கிடையாது

இந்த விளையாட்டில் ஒருவர் கதைசொல்லி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். கதைசொல்லி ஒரு சூழ்நிலையை விவரித்துவிட்டு, "நீ என்ன பண்றே?" என்று கேட்பார். பிள்ளை பதில் சொல்லும். அது நடக்குமா, நடக்காதா என்று சந்தேகம் வருகிற இடத்தில் மட்டும் பகடையை உருட்ட வேண்டும். விளையாடுகிற எல்லோரும் ஒரே கட்சி என்பதால் ஒருவர் காயை ஒருவர் வெட்டும் பேச்சே இல்லை.

1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் உருவாக்கிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'தான் இந்த வகை ஆட்டங்களுக்குத் தாய். 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தொடரில் அந்தச் சிறுவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடுவார்களே, அதுதான். அடுத்த சில ஆண்டுகளிலேயே சூப்பர்ஹீரோக்களும் உள்ளே வந்துவிட்டார்கள். 1981-ல் 'சாம்பியன்ஸ்' வந்தது. 1984-ல் ஸ்பைடர்மேன் போன்ற மார்வெல் பாத்திரங்களை வைத்தே ஒரு விளையாட்டு வந்தது.

இவற்றின் விதிப்புத்தகங்கள் தடிமனானவை. முதல் நாளுக்கு அது எதுவும் தேவையில்லை. குள்ளர்கள், மந்திரவாதிகள், டிராகன்கள் என்று ஆரம்பித்தால் அந்த உலகத்தையே முதலில் விளக்க வேண்டியிருக்கும். சூப்பர்ஹீரோ என்றால் ஏழு வயதுக் குழந்தைக்கும் தெரியும். துண்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு கட்டிலிலிருந்து குதிக்காத பிள்ளை உண்டா என்ன?

ஒரு சக்தி, ஒரு பலவீனம்

முதல் வேலை, ஹீரோவை உருவாக்குவது. தாளில் மூன்றே வரிகள்: பெயர், ஒரு சக்தி, ஒரு பலவீனம்.

அக்கா, விலங்குகளோடு பேசும் சக்தியை எடுத்துக்கொண்டாள். பலவீனம்: பொய் சொல்ல வராது. பக்கத்து வீட்டிலிருந்து வந்து ஒட்டிக்கொண்ட ஏழு வயதுக் குட்டி, எறும்பு அளவுக்குச் சுருங்குவாளாம். பலவீனம்: சீனியைப் பார்த்தால் நின்றுவிடுவாள்.

தம்பியின் தாளில் மட்டும் ஏழு சக்திகள் இருந்தன. ஒன்றுதான் என்று சித்தி சொன்னதும், முஷ்டியால் குத்தினால் இடி இறங்கும் 'இடிவீரன்' ஆனான். பலவீனத்துக்கான வரி காலியாகவே கிடந்தது. "எனக்கு வீக்னஸே கிடையாது."

ஊஞ்சலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த தாத்தாதான் உதவிக்கு வந்தார். "எங்க காலத்துல இரும்புக்கை மாயாவின்னு ஒருத்தர்டா. கரன்ட் பாஞ்சா மறைஞ்சிடுவாரு. ஆனா அந்த இரும்புக்கை மட்டும் வெளிய தெரியும். மொத்தமா மறைஞ்சிட்டா அப்புறம் அதுல என்ன கதை இருக்கு?" 1972-ல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த மாயாவியைத் தாத்தா மறந்திருக்கவில்லை. பேரன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு எழுதினான்: 'தண்ணி பட்டா பவர் போயிடும்.'

பகடை சொல்லும் கணக்கு

விதி மிக எளிது. இரண்டு பகடைகளை உருட்டிக் கூட்டுங்கள். உங்கள் சக்தியைப் பயன்படுத்தினால் 2 சேர்த்துக்கொள்ளலாம். பலவீனம் குறுக்கே வந்தால் அந்த 2 கிடையாது.

10 அல்லது அதற்கு மேல்: நினைத்தது நடக்கும்.

7 முதல் 9 வரை: நடக்கும், கூடவே ஒரு சிக்கலும் வரும்.

6 அல்லது அதற்குக் கீழ்: நினைத்தது நடக்காது, வேறு ஏதோ ஒன்று நடக்கும்.

2010-ல் வந்த 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' என்ற விளையாட்டு பிரபலமாக்கிய கணக்கு இது. டீன் ஏஜ் சூப்பர்ஹீரோக்களைப் பற்றிய 'மாஸ்க்ஸ்' விளையாட்டும் இதே கணக்கில்தான் ஓடுகிறது. இரண்டு பகடைகள் விழ மொத்தம் 36 வழிகள். சக்தியைப் பயன்படுத்தும்போது அதில் 6 வழிகளில்தான் சறுக்கும். சக்தி இல்லாமல் உருட்டினால் 15 வழிகளில் சறுக்கும். ஆறாம் வகுப்பு முடித்த அக்கா இதைத் தாளில் போட்டுப் பார்த்து ஒப்புக்கொண்டாள்.

மூன்றாவது விதிதான் இந்த ஆட்டத்தின் உயிர். 6 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் "ஒண்ணும் நடக்கலை, அடுத்த ஆள்" என்று கதைசொல்லி சொல்லவே கூடாது. கதை ஏதாவது ஒரு பக்கம் நகர்ந்தாக வேண்டும்.

முதல் சாகசம்: ஓசைத் திருடன்

முதல் கதைக்கு மூன்று காட்சிகள் போதும்: ஓர் ஆபத்து, ஒரு தடயம், ஒரு சந்திப்பு. இடம் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஊராக இருந்தால் பாதி வேலை மிச்சம். சித்தி எடுத்துக்கொண்டது, அழகர் வைகையில் இறங்கிய நாளின் சாயங்காலம்.

முதல் காட்சி. ஆற்றங்கரையில் கூட்டம். திடீரென்று ஊரில் எந்தச் சத்தமும் இல்லை. மேளம் அடிக்கிறார்கள், கேட்கவில்லை. குழந்தைகள் அழுகிறார்கள், கேட்கவில்லை. ராட்டினத்தில் இருப்பவர்கள் "நிறுத்து, நிறுத்து" என்று கத்துவது ராட்டினக்காரருக்குக் கேட்கவில்லை. அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஹீரோக்களும் ஒருவரோடு ஒருவர் சைகையில்தான் பேச வேண்டும். இந்த ஒரு விதிக்கே மூவரும் சிரித்து உருண்டார்கள்.

குட்டி எறும்பாகி மோட்டாருக்குள் நுழைந்தாள். பகடையும் சக்தியும் சேர்ந்து 8. மோட்டார் நின்றது. சிக்கல்: பக்கத்திலேயே பஞ்சுமிட்டாய் வண்டி. அவள் அங்கேயே நின்றுவிட்டாள். இடிவீரன் ராட்டினத்தைப் பிடித்து நிறுத்த ஓடினான். வழியெல்லாம் பக்தர்கள் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருக்கிறார்கள். "நனைஞ்சுட்டே. 2 கிடையாது" என்றார் சித்தி. இருந்தும் 10 விழ, அவன் எழுந்து ஆடியே விட்டான்.

இரண்டாவது காட்சி, தடயம். அக்கா ஒரு தெருநாயோடு கண்ணாலேயே பேசி, அதன் மூக்கை நம்பிப் பின்னால் போனாள். ஒரு மாடி வீடு. மொட்டைமாடியில், குழாய் ஸ்பீக்கர் ஒன்று திருப்பி மாட்டப்பட்டிருக்கிறது. ஊர்ச் சத்தத்தையெல்லாம் அது உறிஞ்சி ஒரு பித்தளை அண்டாவுக்குள் இறக்குகிறது. பக்கத்தில் ஓர் ஆள்.

மூன்றாவது காட்சி. "நீங்க என்ன பண்றீங்க?"

அக்கா சைகையில் பொறு என்றாள். தம்பி பொறுக்கவில்லை. "நான் அவனை இடியால அடிக்கிறேன்." பகடை உருண்டது. ஒரு 1, ஒரு 2. சக்தியைச் சேர்த்தும் 5.

முகம் சிவந்துவிட்டது. பகடைகளை எடுத்து இறுக மூடிக்கொண்ட அவன் கை, எறிவதற்குத் தயாராக இருந்தது. அக்கா தன் தாளை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

சித்தி குரலைத் தாழ்த்தினார். "இடி குறி தப்பிடுச்சு. தெருமுனை ட்ரான்ஸ்ஃபார்மர் மேல விழுந்துச்சு. டமார்! தெரு முழுக்க கரன்ட் போயிடுச்சு. சித்ரா பௌர்ணமி நிலா மட்டும்தான் வெளிச்சம். மெஷின் நின்னுடுச்சு. ஊர்ச் சத்தம் மெதுவா திரும்பி வருது. ஆனா கம்பத்துல இருந்த மைக்செட்டும் நின்னுபோச்சு. அப்ப கீழ ரூம்லேர்ந்து ஒரு குறட்டைச் சத்தம் கேக்குது. நீ என்ன பண்றே?"

மூடிய கை திறக்கவில்லை. ஆனால், எறியவும் இல்லை. சித்தி காத்திருந்தார். அரை நிமிடம் போயிருக்கும்.

"யாரு குறட்டை விடுறது?"

மூவரும் எட்டிப் பார்த்தார்கள். கட்டிலில் ஒரு பாட்டி. "சத்தம் போடாதீங்க" என்கிறான் திருடன். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. வாசல்லயே ஸ்பீக்கர். நாலு நாளா கண்ணே மூடலை. இப்பத்தான் தூங்குறாங்க."

அதன்பிறகு பகடைக்கு வேலையே இல்லை. ஊர்ச் சத்தத்தைத் திருடியது தப்பு என்றாள் அக்கா. பாட்டி பாவம் என்றாள் குட்டி. ஸ்பீக்கரை வேறு பக்கம் திருப்பச் சொல்லி விழாக் கமிட்டியிடம் மூன்று பேரும் போய்க் கேட்பது, அண்டாவைத் திருடனே திறந்துவிடுவது என்று ஒரு வழியாக முடிவானது. எழுந்திருக்கும் நேரத்தில் தம்பிக்கு ஒரு கவலை வந்தது. "அப்ப நான் உடைச்ச ட்ரான்ஸ்ஃபார்மர்? ஈ.பி. ஆளுங்க வந்து கேட்டா?"

"அது நாளைக்குக் கதை" என்றாள் அக்கா. அவனோடு நாளைக்கும் விளையாடுவதாக அவள் சொல்லிவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை.

ஒரே நாளில் மாறிவிடுவார்களா?

மாட்டார்கள். அதே வாரம் கேரமில் தோற்றபோது தம்பி கோபித்துக்கொண்டு மாடிக்குப் போனான். ஆனால் கதை விளையாட்டு தொடர்ந்தது. நான்காவது நாள் அவனே கதைசொல்லி. அக்காவுக்கு 4 விழுந்தபோது, அடுத்து என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டிய பொறுப்பு அவனுடையது. கன்னத்தில் பென்சிலை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் யோசித்தான். அடுத்தவர் சறுக்கும்போது அவருக்கு ஒரு வழி வைத்துக்கொடுப்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தால்தான் தெரியும்.

வீட்டில் விளையாடப் போகிறீர்களா?

* மூன்று, நான்கு பிள்ளைகள் போதும். முதல் முறை ஒரு மணி நேரத்தைத் தாண்ட வேண்டாம். ஆசை மிச்சமிருக்கும்போதே நிறுத்துங்கள்.

* "நீ என்ன பண்றே?" என்று கேட்டபின் வாயைத் திறக்காதீர்கள். பெரியவர்களுக்கு இதுதான் மிகவும் கடினம். யோசனை எடுத்துக் கொடுத்தால் அது உங்கள் கதையாகிவிடும்.

* அதிகம் பேசாத பிள்ளையை முதலில் கேளுங்கள். சத்தமான பிள்ளை தானாகவே வரும்.

* வில்லனுக்கு ஒரு காரணம் வையுங்கள். அடித்தும் முடிக்கலாம், பேசியும் முடிக்கலாம் என்று கதவு திறந்திருக்கட்டும். எது என்பதைப் பிள்ளைகள் முடிவு செய்வார்கள்.

* நடுவில் ஒரு தாளில் பெருக்கல் குறி போட்டு வையுங்கள். பயமாக இருந்தால் யார் வேண்டுமானாலும் அதைத் தொடலாம். காரணம் கேட்காமல் அந்தக் காட்சியைக் கடந்துவிடுங்கள்.

* மார்க், பரிசு, கடைசியில் நீதி, எதுவும் வேண்டாம். விளையாடி முடித்துச் சாப்பிடும்போது அவர்களே பேசுவார்கள்.

முதல் வரி கிடைக்காமல் திணறுகிறவர்களுக்கு ஒன்று இதோ. இன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு, விளக்கைக் கொஞ்சம் குறைத்துவிட்டுச் சொல்லிப் பாருங்கள்: "நம்ம தெருவுல இருக்குற எல்லார் வீட்டு நிழலும் இன்னிக்குக் காணாமப் போயிடுச்சு. உன் நிழல் மட்டும்தான் மிச்சம். இப்ப நீ என்ன பண்றே?"