தாடை முடிக்கு எலக்ட்ரோலிசிஸ்: காசு கட்டுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

"முகத்துல வர்ற முடியை நிரந்தரமா எடுக்க முடியுமா டாக்டர்?"

திருச்சியில் நான் பார்க்கும் ஓபியில் அடிக்கடி வரும் கேள்வி இது. ஆனால் யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. காய்ச்சலுக்கு வந்தவங்க, சீட்டை வாங்கிக்கிட்டு எழுந்து, கதவுப் பக்கம் போய் நின்னு மெதுவா கேட்பாங்க. கொரோனா அலை ஓய்ந்து இத்தனை வருஷம் ஆகியும் மாஸ்க் கழட்டாத சில பெண்களுக்குக் காரணம் கிருமி பயம் இல்லை, தாடைதான். அவங்களுக்காக இந்த நீளமான இழை.

முடியும். ஆனால் அந்த "நிரந்தரம்" என்ற வார்த்தையைக் கொஞ்சம் பிரிச்சுப் பார்க்கணும்.

ஊர் முழுக்க நீங்க பார்க்கும் விளம்பரங்களில் பெரும்பாலானவை லேசருக்கானவை. அமெரிக்காவின் எஃப்டிஏ, லேசருக்கு அனுமதித்திருக்கும் வாசகம் "நிரந்தரக் குறைப்பு". "நிரந்தர நீக்கம்" என்பது எலக்ட்ரோலிசிஸுக்கு உள்ள பெயர். லேசர் தேடிப்போவது முடியின் கருப்பு நிறத்தை. கருகருன்னு தடிச்ச முடி என்றால் நல்லா வேலை செய்யும். பூனைமுடியில் பட்டால் சிலருக்கு, குறிப்பா நம்மைப் போன்ற மாநிறத் தோலில், முடி கூடவும் செய்யலாம். நரைத்த முடியோ லேசர் கண்ணுக்கே தெரியாது. மாதவிலக்கு நின்றபின் தாடையில் நாலு வெள்ளை முடி முளைச்சு, பேரன் "பாட்டிக்குத் தாடி"ன்னு சிரிக்கிறானா? அதை நிரந்தரமா எடுக்க எலக்ட்ரோலிசிஸ் ஒன்றுதான் வழி.

இது அழகு நிலையத்தில் பிறந்த வித்தையும் இல்லை. 1875-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் சார்லஸ் மிஷெல் என்ற கண் மருத்துவர், உள்பக்கமாக வளர்ந்து கண்ணைக் குத்தும் இமை முடிகளை எடுக்கப் பயன்படுத்தியது. மயிர்க்காலுக்குள் மெல்லிய ஊசியை இறக்கி மின்சாரம் கொடுப்பார். கால்வனிக் என்ற அந்தப் பழைய முறையில், திசுவில் இருக்கும் உப்பும் நீரும் சேர்ந்து ஊசி முனையில் துளியூண்டு காஸ்டிக் சோடா உண்டாகும். அது வேரை அழிக்கும். தெர்மோலிசிஸ் என்பது வெப்பத்தால் அழிப்பது. இரண்டையும் சேர்த்தால் பிளெண்ட்.

எந்த முறையானாலும் ஒவ்வொரு முடிக்கும் தனித்தனியா ஊசி இறக்கணும். அதனால்தான் நாள் பிடிக்கும். இன்னிக்கு உங்க தாடையில் தெரிவது மொத்த மயிர்க்கால்களில் ஒரு பகுதி மட்டுமே, மீதி தூங்கிக்கிட்டு இருக்கு. முதல் சில மாசம் "எடுத்த இடத்துலயே வருதே"ன்னு தோணும். அதில் பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர் எழுந்து வருகிறார், அவ்வளவுதான். அரைகுறையாக் கருகிய வேர் சிலது மெலிசா திரும்ப வரும், அதையும் மறுபடி எடுக்கணும். தாடைக்கு ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் என்று மனசைத் தயார் பண்ணிக்கோங்க.

இனி, இந்த இழையை நான் எழுதுவதற்கான உண்மையான காரணம்.

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு பொண்ணு வந்தாங்க (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாத்தியிருக்கேன்). தை மாசம் முகூர்த்தம். வந்தது மார்கழி. அம்மாதான் பேசினாங்க. "கல்யாணத்துக்குள்ள இதை எடுத்து விட்டுடுங்க டாக்டர்." பொண்ணு தலை நிமிரல. மாதவிலக்கு எப்படின்னு கேட்டேன். அம்மா, "அதெல்லாம் கல்யாணம் ஆனா சரியாயிடும்" என்றாங்க. பொண்ணு மெதுவா, "நாலு மாசத்துக்கு ஒரு தடவை டாக்டர்" என்றாங்க. பத்தாவது படிக்கும்போதிலிருந்தே அப்படித்தான். யாரிடமும் காட்டல. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகுமோன்னு பயம்.

பரிசோதித்தால் பிசிஓஎஸ். சர்க்கரையும் எல்லைக்கோட்டில். பல மாசம் மாதவிலக்கு வராமலே இருந்தால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடிச்சுக்கிட்டே போகும், அதை அப்படியே விடக்கூடாது. எட்டு வருஷமா இந்தப் பொண்ணுக்கு த்ரெடிங் நடந்திருக்கு, ஒரு ரத்தப் பரிசோதனை நடக்கல!

கவனிங்க. எலக்ட்ரோலிசிஸில் செத்த வேர் திரும்ப வராது. ஆனால் ஆண்ட்ரோஜன் ஹார்மோன் கூடுதலாவே இருந்தால், பக்கத்தில் சும்மா இருக்கும் பூனைமுடி தடிச்சு வளரும். ஓட்டை வாளியில் தண்ணி இறைக்கிற கதை. முதலில் காரணத்தைப் பாருங்க. மாத்திரை ஆரம்பித்தாலும் முடியில் பலன் தெரிய ஆறு மாசம் ஆகும். எந்தக் கோளாறும் இல்லாமல், அம்மா வழி அத்தை வழி என்று குடும்பவாகாகவே வருவதும் உண்டு. அது நல்ல செய்தி.

அந்த முகூர்த்தத்துக்கு நான் சொன்ன வழி ரேசர். "பொம்பளப் புள்ளைக்கு ரேசரா"ன்னு அம்மா பதறிட்டாங்க. ஷேவ் பண்ணினால் முடி தடிமனாகாது, நுனி மழுங்கி அப்படித் தோணும், அவ்வளவே. ஒரு மாசத்துக்குள்ள அவசரமா ஊசி வச்சு, தாலி கட்டும் நேரத்தில் தாடை பூரா கருந்திட்டோட உட்காரணுமா? பொண்ணு அப்பதான் முதல்முறையா சிரிச்சாங்க.

சில மாசத்துக்குள் திடீர்னு முடி அடர்ந்து, குரலும் கரகரன்னு மாறினால் பார்லர், கிளினிக் எதுக்கும் போகாதீங்க. நேரா மருத்துவமனைக்கு வாங்க. சினைப்பையிலோ அட்ரினல் சுரப்பியிலோ கட்டி இருக்கான்னு பார்க்கணும்.

இன்னொரு காரணம், மெடிக்கல் ஷாப்பில் சீட்டே இல்லாமல் வாங்கும் சிவப்பழகு கிரீம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் மாசக்கணக்கில் பூசும்போது முகத்தில் முடி வளரும். சட்டுனு நிறுத்தினாலும் முகம் சிவந்து எரியும். டாக்டர் சொல்லும் விதத்தில் நிறுத்துங்க.

திருநங்கையர்க்கும் இது முக்கியமான சிகிச்சை. ஈஸ்ட்ரோஜன் எடுத்தாலும் வளர்ந்துவிட்ட தாடி போகாது. அறுவை சிகிச்சை திட்டம் இருந்தால், எந்த இடத்தின் முடியை முன்கூட்டியே எடுக்கணும்னு சர்ஜனிடம் முதல்லயே கேளுங்க, அதுக்கே பல மாசம் ஆகலாம்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது ஒரு அடையாளம் சொல்றேன். ஊசி வச்சபின் முடி வழுக்கிக்கிட்டு வரணும். சுருக்குனு பிடுங்குற மாதிரி இருந்தால் வேர் சாகல, காசு கொடுத்து பிடுங்கிக்கிறீங்க. ஊசி உங்க கண் முன்னால் புது உறையிலிருந்து வரணும். ஹெபடைடிஸ் பி விஷயத்தில் சங்கோஜமே வேண்டாம், கேளுங்க. "ஆறு சிட்டிங்கில் முழு முகம்" என்பது லேசர்க்காரர் பேச்சு. இதில் நேரக் கணக்குதான். அமெரிக்காவில் சில மாநிலங்களில் இதுக்குத் தனி உரிமம் உண்டு, இங்கே கிடையாது. அதனால் தோல் மருத்துவர் மேற்பார்வை இருக்கான்னு பாருங்க. பேஸ்மேக்கர், கர்ப்பம், தழும்பு தடிச்சு வளரும் கீலாய்டு உடம்பு, பருவுக்கான ஐசோட்ரெடினாயின் மாத்திரை, இதில் எது இருந்தாலும் முன்னாடியே சொல்லிடுங்க. மச்சத்தில் முளைத்த முடி என்றால் முதலில் மச்சத்தைக் காட்டுங்க.

முடிஞ்சு வீட்டுக்குப் போறது நம்ம ஊரில் தனிப் பிரச்சினை. மத்தியான வெயிலில், துப்பட்டாவை இறுக்கிக் கட்டி, ஹெல்மெட் வாரை மோவாயில் மாட்டிக்கிட்டு ஸ்கூட்டியில் காவிரிப் பாலம் தாண்டினால், வியர்வையும் உரசலும் சரியா ஊசி பட்ட இடத்தில்தான். சாயங்காலம் நேரம் வாங்குங்க. சத்திரத்திலிருந்து பஸ் பிடிங்க. ரெண்டு மூணு நாள் மஞ்சள் தேய்க்க வேண்டாம், அம்மாமண்டபத்தில் முங்க வேண்டாம், ஆடிப்பெருக்கே ஆனாலும். குட்டிக் குட்டிப் பொருக்கு வரும், கிள்ளாதீங்க, கிள்ளினால்தான் தழும்பு. சன்ஸ்கிரீன் கட்டாயம்.

நடுவில் த்ரெடிங், வாக்ஸிங் வேண்டாம். ஊசி இறங்க முடி கொஞ்சம் வெளியே தெரியணும். அந்த ரெண்டு மூணு நாள் வெளியே போகணும்னா மாஸ்க் போட்டுக்கோங்க, தப்பில்லை.

முதல் தடவை டாக்டரைப் பார்க்க வரும்போது கடைசியா மாதவிலக்கு வந்த தேதிகளைக் குறிச்சு எடுத்துட்டு வாங்க. முகத்தில் பூசும் கிரீம் ட்யூபையும், காலியா இருந்தாலும், பையில் போட்டுக்கோங்க.